அன்ஸார் நானா பழுதாக்காத டிஸ்க்

செய்தி வந்தபோது நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், நான் வேலை செய்யும் கந்தோருக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில், சோற்றுப் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கந்தோர் லிகிதர் தன் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனை அன்ஸார் காலையில் மௌத்தாகிவிட்டாராம், நெஞ்சுவலியாம், பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம் என்று பொதுவாகச் சொன்னார். யார் அந்த அன்ஸார் என்று வரிசையில் நின்ற ஓர் இளம் சட்டத்தரணி கேட்டார். "அதுதான், பெரிய சேரின்ர கொம்பியூட்டர் டிஸ்க்கை நாசமாக்கின ஆள்" என்றார் லிகிதர். இளம் சட்டத்தரணி தலையை ஆட்டிக்கொண்டார். என்னுடைய பார்சல் வந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் மேலே போய்விட்டேன்.

பார்சலைப் பிரிக்காமல் மேசையில் வைத்தேன். ஒரு மனிதர் ஐம்பத்துமூன்று வயது வரை வாழ்ந்து, கொழும்பில் எத்தனையோ பேருடைய கணினிகளை எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரை இன்னாரென்று சொல்வதற்குக் கடைசியில் அந்த ஒரு வசனம்தான் இருந்தது. அந்த வசனம் பொய். பொய்யென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரை அன்று பிற்பகல் அடக்கம் செய்துவிட்டார்கள். மற்றவள் நான். புதுக்கடையில் அன்ஸார் நானாவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதனால்தான். அவரைப் பற்றி நல்லது நாலு சொல்ல எனக்கு ஆசை இருக்கிறது, சொல்லவும் போகிறேன். ஆனால் எனக்கு அதைவிட அவசரமான வேலை, அவர் மேல் கிடக்கும் பழியை எடுத்து உரிய இடத்தில் வைப்பது.

என் பெயர் சிவகௌரி. வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெரிய சேர் என்று நீங்கள் எல்லோரும் அழைக்கும் நொத்தாரிசின் கந்தோரில் இருபத்துநாலு வருடமாகக் காணிப் பத்திரங்களான உறுதிகளைத் தட்டச்சு செய்கிறேன். அன்ஸார் நானா, அண்ணன் என்ற முறையில் அப்படித்தான் கூப்பிடுவேன், எங்களிடம் முதலில் வந்தது ஒரு பிரிண்டரைத் திருத்த. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு அவர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. "இந்தா மருதானை தாண்டிட்டன், மிஸ்" என்பார் தொலைபேசியில். பின்னால், அவருடைய கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனைக் கோயில் மணி கணீரென்று கேட்கும். அந்தக் கோயில் மருதானைக்கு எப்போது வந்தது என்று நான் கேட்பேன். வாய் விட்டுச் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் கழித்தே வந்து சேருவார். வந்தவுடன் தேத்தண்ணி வேண்டும். தேத்தண்ணியோடு வடை இருந்தால் அது யாருக்காக வைத்த வடை என்றெல்லாம் விசாரிக்க மாட்டார்.

ஆனால் மெஷினில் கைவைக்கும் விஷயத்தில் அவர் வேறு ஆள். மூடியைக் கழற்றுவதற்கு முன், மெஷினின் சொந்தக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். "இதுக்குள்ள எது போனா நீங்க அழுவீங்க? அத மொதல்ல சொல்லுங்க." பதில் வராமல் ஸ்குரூ ட்ரைவரை எடுக்க மாட்டார். கடும் முகத்துக்குப் பேர்போன ஒரு மூத்த சட்டத்தரணி, வழக்குக் கட்டுகள்தான் என்று சொல்லியிருக்கிறார். அன்ஸார் நானா நம்பாமல் திரும்பவும் கேட்டாராம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த மனிதர், தானே பாடிப் பதிந்துவைத்த பக்திப் பாட்டுகள் ஒரு மூலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். அவற்றைத்தான் அன்ஸார் நானா முதலில் பிரதி எடுத்தார். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பாடின சட்டத்தரணியேதான். அன்ஸார் நானா இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. மற்றவர்களின் மெஷினில் எதையும் அழிக்க மாட்டார். எங்கள் கந்தோரில் இருந்த ஒரு கனிஷ்ட சட்டத்தரணி சேரோடு கோபித்துக்கொண்டு போனபோது, அவன் வைத்துவிட்டுப் போன எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி சேர் சொன்னார். "எப்பிடி அழிக்கிறதெண்டு காட்டுறன், சேர். பட்டனை நீங்க அமத்துங்க. நான் ஒருத்தர்ட மெஷின்லயும் ஒண்டும் அழிக்க மாட்டன்" என்று எழுந்து நின்றுகொண்டார். சேர் விரலைப் பட்டனுக்கு மேலே வைத்தபடி யோசித்தார். பிறகு அழிக்கவில்லை. மறு வருடம் அந்தப் பையன் எழுதி வைத்திருந்த வரைவு ஒன்று எங்களுக்கே தேவைப்பட்டது.

இனி அந்த டிஸ்க்கின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கந்தோரின் மூலையில் பதினெட்டு வருடத்துப் பழைய கணினி ஒன்று இருந்தது. உறுதிகளை வரைவதற்கென்றே சேரின் உறவுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள் அதில்தான் ஓடியது. எழுதியவர் கனடாவுக்குப் போய்க் கன காலம். பழைய தமிழ் எழுத்துருவும் அதில்தான் இருந்தது. இந்தக் காணி யாருடையது, எந்த ஊர், எந்த இலக்க உறுதி என்று பதினெட்டு வருடத்து அட்டவணை முழுவதும் அதற்குள்தான். புதுக் கணினிகளில் போட்டுப் பார்த்தோம், அந்த மென்பொருள் அசையவே மாட்டேன் என்றது. மூன்று வருடத்துக்கு முந்தி, அந்தப் பழைய மெஷின் வேலை நடுவிலேயே அணையத் தொடங்கியது.

அன்ஸார் நானா திறந்து பார்த்துவிட்டு, உள்ளே மதர்போர்ட் பலகை உப்பிப்போய்விட்டது, டிஸ்க்கும் இடைக்கிடை சத்தம் போடுகிறது, இனி வைத்தியம் செய்வதில் பயனில்லை என்றார். சேரின் முகம் இருண்டுவிட்டது. அப்போதுதான் அன்ஸார் நானா ஒரு வழியைச் சொன்னார்.

"புதுசா ஒண்டும் பழக வாணாம். இந்த டிஸ்க்க முழுசா, ஒரு எழுத்து விடாம, ஒரு ஃபைலா எடுக்கிறன். அதைப் புது மெஷினுக்குள்ள வெச்சா அங்க ஒரு ஜன்னல் தொறக்கும். அந்த ஜன்னலுக்குள்ள ஒங்கட இந்தப் பழைய மெஷின் அப்பிடியே எழும்பும்."

உடம்பில்லாத மெஷின் எப்படி எழும்பும் என்று சேர் கேட்டார். இதற்கு வேர்ச்சுவல் மெஷின் என்று பெயர், பெரிய பெரிய கந்தோர்களில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அன்ஸார் நானா பொறுமையாக விளங்கப்படுத்தினார். சேர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆட்களுடைய காணி விஷயம் என்பதால் டிஸ்க் கந்தோரை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால் அன்ஸார் நானா தினமும் வந்து, மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, டிஸ்க்கைக் கழற்றித் தன் மடிக்கணினியோடு இணைத்துப் பிரதி எடுத்தார். இனி இந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துக்கூட எழுதப்படக் கூடாது, வாசிக்க மட்டும்தான் என்று எங்களுக்கும் பாடம் எடுத்தார். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைப் பிறகு மெல்ல மெல்ல எடுப்பது அவருடைய முறை.

பெரும்பகுதி வந்தபிறகு ஒருநாள் பரீட்சித்துப் பார்த்தார். புதுக் கணினியில் ஜன்னல் திறந்தது. எங்கள் பழைய மெஷின் எழும்பப் பார்த்தது. பிறகு முழுத் திரையும் நீலமாகி வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதிவிட்டு நின்றுவிட்டது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவர் அசையவில்லை. "வீடு மாறினவன் கண் முழிச்சவுடனே பழைய வீட்டுக் கதவு இருந்த பக்கம் நடந்து செவத்துல முட்டுவானே, அதுதான் இது. கதவு எங்கெண்டு சொல்லிக் குடுத்தாச் சரி" என்றார். டிஸ்க் எந்த வழியால் இணைந்திருக்கிறது என்பது பழைய மெஷினுக்குப் பிடிபடவில்லை, அதற்குரிய சின்னத் திருத்தம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். அதைவிட, அட்டவணை இருந்த பகுதி அடம்பிடிக்கும் இடங்களுக்குள்தான் கிடந்தது. அது இன்னும் வந்திருக்கவில்லை.

அன்று புதன்கிழமை. மறுநாள் சரஸ்வதி பூசை, வெள்ளிக்கிழமை விஜயதசமி. திங்கட்கிழமை வந்து முடிக்கிறேன் என்றார். டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு என் மேசை லாச்சிக்குள் வைத்தார். "நான் வார வரைக்கும் இதுக்கு கரண்ட் குடுக்க வாணாம், மிஸ்" என்று ஒரு தரம் சொன்னார். கதவடியில் திரும்பி நின்று இன்னொரு தரமும் சொன்னார். இரண்டு தரமும் நான் ஓம் நானா என்றேன்.

எங்கள் கந்தோரில் சரஸ்வதி பூசை எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவலும் கடலையும் சாப்பிட வந்திருக்கிறீர்கள். சட்டப் புத்தகங்கள், முத்திரை, பேனைகள், அந்தப் பழைய கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்போம். மறுநாள் விஜயதசமி சுபநேரத்தில், படைத்த ஒவ்வொன்றையும் ஒரு தரமாவது தொழிலில் எடுக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், பேனையால் ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கணினியில் முதல் எழுத்து அடிப்பது என் பொறுப்பு. அது வந்த வருடத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. பிள்ளையார் சுழியும் "சிவமயம்" என்ற சொல்லும் அடித்து, அன்றைய திகதியில் சேமித்து வைப்பேன். அதோடு எங்கள் வருடம் தொடங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை சேர் பத்து மணிக்குத்தான் வருவதாக இருந்தது. சுபநேரம் ஒன்பதே காலோடு முடிகிறது. நான் மட்டும் கந்தோரில் இருந்தேன். மூலையில் கணினி, குங்குமப் பொட்டோடு, உள்ளே டிஸ்க் இல்லாமல் இருந்தது. படைத்துவிட்டுத் தொழிலில் எடுக்காமல் விட்டால் கந்தோருக்குக் கூடாது என்று எனக்குப் பட்டது. அன்ஸார் நானா டிஸ்க்கைக் கழற்றுவதையும் பூட்டுவதையும் எத்தனையோ தரம் பார்த்திருந்தேன். இரண்டு வயர்கள்தான். ஒரு சொல் அடிக்க ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். லாச்சியைத் திறந்தேன்.

மெஷின் எழும்பியது. ஆனால் வழமைபோல் உள்ளே போகாமல், டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று தானாகவே ஏதோ எண்ணத் தொடங்கியது. நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் திரை வந்தது. பிள்ளையார் சுழி அடித்தேன், சிவமயம் அடித்தேன், சேமித்தேன். சுபநேரம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அணைக்கப் போன நேரத்தில் டிஸ்க் உள்ளே டிக், டிக் என்று தட்டத் தொடங்கியது. திரை உறைந்துவிட்டது. சுவிச்சை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, இருந்த மாதிரியே லாச்சிக்குள் வைத்தேன். சேர் வந்தபோது அவருக்கு அவல் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அன்ஸார் நானா வந்து டிஸ்க்கை இணைத்தார். டிக், டிக். அதற்குமேல் ஒன்றுமில்லை. கழற்றி மறுபடி இணைத்தார். காதோடு வைத்துக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, யாராவது இதற்குக் கரண்ட் கொடுத்தீர்களா என்று கேட்டார். அவர் கேட்டது பொதுவாகத்தான். ஆனால் அறையில் சேரையும் என்னையும் தவிர வேறு ஆளில்லை. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் சேர் பதில் சொல்லிவிட்டார்.

"என்ர கந்தோரில அப்பிடிச் செய்யிற ஆக்கள் இல்லை. சிவகௌரி கைவச்ச வேலையில இருபது வருசத்தில ஒரு பிழை வந்ததில்லை. நீர் உம்மட பிழையை ஆற்றையும் தலையில கட்டப் பாக்காதேயும்."

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். சேர் என்னைப் பற்றி அப்படிப் பிறர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெயரை அந்த நிமிடத்திலேயே கீழே போட எனக்கு மனம் வரவில்லை. அன்ஸார் நானா ஒரு பார்வை என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினேன். சேரின் கோபம் ஏறிக்கொண்டே போனது. இந்தக் குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்படியும் இனி இந்தப் படி ஏற வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே போகக் கூடாது என்று அவர் காவல் வைத்த டிஸ்க், அப்படித்தான் அன்ஸார் நானாவின் பையில் வெளியே போனது.

சேர் பொய் சொல்லுகிற மனிதர் அல்லர். அவர் நம்பியதைத்தான் நாலு பேரிடம் சொன்னார். ஆனால் சேர் சொன்னால் புதுக்கடையில் அது தீர்ப்புத்தான் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆளிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள் என்ற பேச்சு ஒரு மாதத்துக்குள் எல்லாப் படிகளும் ஏறி இறங்கியது. அவரை இந்தத் தெருவில் காண்பது குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. கடைகளுக்குக் காவல் கமரா பூட்டுகிற வேலைக்கு மட்டக்குளிப் பக்கம் போய்வருகிறாராம் என்று யாரோ சொன்னார்கள். பழைய உறுதி ஒன்றுக்கு விபரம் தேவைப்பட்ட ஒவ்வொரு தடவையும் நாங்கள் காணிப் பதிவகத்துக்கு ஓடினோம். ஓடின ஒவ்வொரு தடவையும் சேர் அன்ஸாரைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து, சேர் நீதிமன்றத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், அன்ஸார் நானா படியேறி வந்தார். சேர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். மெலிந்துபோயிருந்தார். தேத்தண்ணி கேட்கவில்லை. புதுக் கணினியில் தான் கொண்டுவந்த ஒரு டிஸ்க்கை இணைத்தார். ஜன்னல் திறந்தது. நீலத் திரை வரவில்லை. எங்கள் பழைய மெஷின் அதே படம், அதே எழுத்துரு, அதே அட்டவணையோடு எழும்பி வந்தது. தட்டுகிற டிஸ்க்கைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடேற முதல் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் என்று வீட்டில் வைத்து நாலு மாதம் வாசித்திருக்கிறார். சில வரைவுகள் மட்டும் வரவில்லை, அவற்றின் பட்டியல் இது என்று ஒரு தாளையும் தந்தார்.

பிறகு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, முதலில் எடுத்த பிரதியும் பிறகு எடுத்ததும் சில இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றார். வாசிக்க மட்டும் செய்த டிஸ்க் என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். திரையில் ஒரு ஃபைலின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். விஜயதசமித் திகதி, காலை ஒன்பது பதின்மூன்று. அவர் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை, பெயரே சிவமயம்தான்.

"இது யார்ட எண்டு தெரியுமா, மிஸ்?"

குரலில் கோபம் இல்லை. பிரிண்டருக்கு மை முடிந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அது அவர் எனக்குத் தந்த வசதி. கந்தோரில் வேறு யாரும் இல்லை. சேர் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மீதியை நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்திருக்கலாம். நான் தெரியாது என்றேன்.

அம்புக்குறியை அதிலிருந்து நகர்த்தினார். பிறகு, "சரி மிஸ். நான் ஒண்டும் அழிக்கல்ல. தேவையில்லாட்டி நீங்க அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு எழும்பினார். அந்த ஒரு ஃபைலைக் காட்டி அவர் தன் பெயரை மீட்டிருக்கலாம். சேர் வரும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்திருந்தால் போதும். இருக்கவில்லை. சேர் வந்து பார்த்துவிட்டு, இதை ஒழுங்காக முதலிலேயே செய்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். அந்த ஜன்னலில்தான் இன்றைக்கும் உறுதி அடிக்கிறேன்.

அதற்குப் பிறகு அவரை இரண்டு தடவை கண்டேன். ஒரு தடவை கோட்டையில் பஸ்சுக்கு நின்றபோது. மெஷின் ஓடுதா மிஸ் என்று கேட்டார். நல்லா ஓடுது நானா என்றேன். இன்னொரு தடவை கொட்டாஞ்சேனையில், அவர் கண்ணில் படாமல் இருக்க நான் வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனேன். என் மகளின் மடிக்கணினி பழுதானபோது வெள்ளவத்தையில் ஊர் பேர் தெரியாத ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் கேள்வி எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவருடைய மனைவியை அதற்கு முன் நான் கண்டதில்லை. முன்னறையில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் மெஷின்கள். என்னை யாரென்று சொன்னதும், "டிஸ்க் கந்தோர் மிஸ்ஸா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வாங்க என்று சொல்லி உட்கார வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சியைத் திறந்தது, சுபநேரம், டிக் டிக், சேர் சொன்னது, அந்த ஃபைல், தெரியாது என்று நான் சொன்னது. அழுதேன். அவர் அழவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

தன் கணவரிடம் வீட்டில் எத்தனையோ தரம் அவர் கேட்டிருக்கிறார், யார் அதை ஓட்டிப் பார்த்தது என்று. தெரியாது என்றுதான் அன்ஸார் நானா சொன்னாராம். தெரியாமலா நாலு மாதமும் அந்த டிஸ்க்கோடு குந்தியிருந்தீர்கள் என்று சண்டையும் பிடித்திருக்கிறார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கிட்ட ஏன் மிஸ் சொல்றீங்க? நான் அவரப் பிழையா நெனச்சதே இல்லையே. நெனச்சவங்கள்ட்ட போய்ச் சொல்லுங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லுவார் என்ற எதிர்பார்ப்போடுதான் நான் அங்கே போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் சேரிடம் போனேன். அவர் இப்போது கந்தோருக்கு வருவதில்லை, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து வீட்டில் மகளோடு இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்தபின் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் அண்டைக்கே சொல்லியிருந்தீரெண்டா, நான் ரெண்டு பேச்சுப் பேசியிருப்பன். அவ்வளவுதானே, பிள்ளை."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது. வேலை போயிருக்காது. மறுநாள் வழமைபோல் வந்து உறுதி அடித்திருப்பேன். ஒரு வாரம் முகம் தொங்கியிருக்கும். அந்த இரண்டு பேச்சுக்குப் பயந்துதான் ஒரு மனிதரின் தொழிலையும் பெயரையும் மூன்று வருடம் தெருவில் விட்டேன். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கலாமே என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அன்ஸார் நானாவின் பெயரைத் தான்தான் கெடுத்ததாகச் சொல்லி, அவருடைய வீட்டுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி சேர் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அவரைப் பற்றி யாராவது கேட்டால், அந்தப் பழைய வசனத்தை இனிச் சொல்லாதீர்கள். அந்த டிஸ்க்கைப் பழுதாக்கியவள் சிவகௌரி. ஓட்டக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னவர் அன்ஸார். பழுதானதிலிருந்து பதினெட்டு வருடத்தை மீட்டு எடுத்தவரும் அன்ஸார். கொட்டாஞ்சேனைக் கடையை அவருடைய மச்சினர் நடத்துகிறார், மெஷின் கொடுக்க வேண்டியவர்கள் அங்கே கொடுங்கள்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த ஜன்னலும் அதற்குள் அவர் அழிக்காமல் விட்ட ஒரு சொல்லும்தான். நானும் அதை அழிக்கவில்லை. தினமும் காலையில் மெஷின் எழும்பும்போது அது அதே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் வேலைக்குள் போகிறேன். இன்று காலை முதல் தடவையாக அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். கந்தோரில் ஆட்கள் இருந்தார்கள். வாய்விட்டே சொன்னேன்.

தெரியும், நானா. அது என்னுடையது.